சித்தம்பூண்டி மண்ணில் ஒரு விக்ரம்: விண்கல மாதிரிக்குள் ஒளியைக் கொண்டுசெல்லுதல்

அறிவியல் கண்காட்சிகளில் விண்கல மாதிரிகள் தவறாமல் இடம்பெறுகின்றன. தெர்மாகோல், வண்ணத்தாள், அலுமினியத் தாள் கொண்டு செய்யப்பட்ட சந்திரயான் இல்லாத கண்காட்சியே இல்லை எனலாம். பார்வையாளர் வந்து நின்றதும் மாணவர் மனப்பாடம் செய்த ஐந்து வாக்கியங்களைச் சொல்கிறார். ஆறாவதாக ஒரு கேள்வி கேட்டால் தயங்குகிறார். பல மாதிரிகளில் ஒரு சிறு விளக்கும் எரிகிறது. அந்த விளக்கு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு மின்னோட்டத்தில் எரிகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை.

இந்த நிலையை மாற்ற அந்த விளக்கையே பாடமாக்கலாம். எல்இடியும் ஒளியிழையும் கொண்டு ஒரு விண்கல மாதிரிக்கு ஒளியூட்டும்போது ஆறாம் வகுப்பு மின்சுற்று முதல் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் வரை பல பாடங்கள் தாமாகவே உள்ளே வந்துவிடுகின்றன. நாமக்கல் மாவட்டத்தில் பணியாற்றும் நான், என் மாணவர்களோடு சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கு கலத்தை 1:10 அளவில் செய்தபோது பின்பற்றிய முறையை இங்கே பகிர்கிறேன். விக்ரமைத் தேர்ந்தெடுத்ததற்கு எங்கள் மண்ணிலேயே ஒரு காரணம் இருந்தது.

சோதனைக்கு உதவிய நம் மண்

பரமத்தி வேலூர் வட்டாரத்தில் உள்ள சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களைச் சுற்றி அனார்த்தோசைட் என்னும் வெண்சாம்பல் நிறப் பாறை காணப்படுகிறது. சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையான பாறை இது. கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ் என்னும் கனிமமே இதில் பெரும்பகுதி. நிலவில் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் மேட்டுநிலப் பகுதிகளும் இதே வகைப் பாறையால் ஆனவை. 1971-இல் அப்பல்லோ-15 வீரர்கள் கொண்டுவந்த புகழ்பெற்ற 'ஜெனிசிஸ்' கல்லும் அனார்த்தோசைட்தான்.

நிலவின் தென்துருவத்துக்கு அருகே கலத்தை இறக்கத் திட்டமிட்ட இஸ்ரோவுக்கு, தரையிறங்கு கலத்தின் கால்களையும் ஊர்தியின் சக்கரங்களையும் சோதிக்க டன் கணக்கில் நிலவு போன்ற மண் தேவைப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் செலவு மிக அதிகம். சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை உடைத்து, அரைத்து, சலித்து அந்த மண் தயாரிக்கப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை இப்பணியில் துணைநின்றது. இவ்வாறு மண் தயாரிக்கும் முறைக்கு 2020-இல் இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

சித்தம்பூண்டிப் பாறைகளைப் பற்றி 1956-இல் வெளிவந்த ஏ. பி. சுப்ரமணியத்தின் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் 'சேலம் மாவட்டம், மதராஸ் மாநிலம்' என்றே இருக்கும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். ஒரே பாறையின் முகவரி இரண்டு முறை மாறியிருக்கிறது என்று சொல்லிச் சமூக அறிவியல் ஆசிரியரும் இந்தச் செயல்பாட்டில் கலந்துகொள்ளலாம்.

எங்கள் மாதிரியின் தரை இந்தக் கல்லின் தூளால் ஆனது. கையளவுச் சில்லுகளே போதும். ஈரத்துணிக்குள் வைத்து இரும்பு உரலில் இடிக்க வேண்டும். முகக்கவசமும் கண்ணாடியும் அவசியம். இந்த வேலையை ஆசிரியரே செய்வது நல்லது. பிற மாவட்டத்தினர் கிரஷர் தூளைச் சலித்துப் பயன்படுத்தலாம். ஆனால் அது என்ன கல் என்பதை மாணவர்கள் கேட்டறிந்து எழுதிவைக்க வேண்டும்.

அளவு முதலில்

இஸ்ரோ வெளியிட்ட அளவுகளின்படி விக்ரம் 200 செ.மீ. நீளம், 200 செ.மீ. அகலம், 116.6 செ.மீ. உயரம். பிரக்யான் ஊர்தி 91.7 × 75 × 39.7 செ.மீ. பத்தில் ஒன்றாக்கினால் விக்ரம் 20 செ.மீ. பக்கமும் 11.7 செ.மீ. உயரமும் கொண்ட பெட்டி. பிரக்யான் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு வகுப்பே நடத்தலாம். நிலவில் பிரக்யான் சென்ற தொலைவு சுமார் 100 மீட்டர். நம் அளவில் அது 10 மீட்டர், அதாவது பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு பகுதி. கலத்தை ஏற்றிச்சென்ற எல்விஎம்-3 ஏவூர்தியின் உயரம் 43.5 மீட்டர். அதையும் இதே அளவில் செய்தால் 4.35 மீட்டர், வகுப்பறைக் கூரையை முட்டும். நிலவின் விட்டம் 3,474 கி.மீ. பத்தில் ஒன்றாக்கினால் 347 கி.மீ. வரும். அது சேலத்திலிருந்து சென்னைக்கு உள்ள சாலைத் தொலைவுக்கு அருகில் வருகிறது. பத்து மடங்கு சுருக்கிய பிறகும் நிலவு அவ்வளவு பெரியது என்பதைக் கேட்டபோது மாணவர்கள் சற்றுநேரம் நம்பவில்லை. கணக்கைத் தாமே போட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்கள்.

எங்கே ஒளி வேண்டும்?

திரைப்பட விண்கலங்களில் நூற்றுக்கணக்கான சன்னல்கள் ஒளிர்கின்றன. மாணவர்களின் முதல் விருப்பமும் அதுதான். ஆனால் விக்ரமில் மனிதர் இல்லை. சன்னலும் இல்லை. ஆகவே கம்பியைத் தொடும் முன், 'உண்மையான கலத்தில் ஒளி எங்கே இருந்தது?' என்ற கேள்வியை அவர்களிடம் வைத்தேன். விவாதத்தில் நான்கு விடைகள் கிடைத்தன.

1. சூரியன். கலம் இயங்கியது சூரிய ஒளியில்தான்.

2. இறங்கும்போது எரிந்த நான்கு எஞ்சின்கள்.

3. கலத்தின் மேல் பொருத்தப்பட்ட நாசாவின் லேசர் எதிரொளிப்பான். இது தானாக ஒளிராது. வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும்.

4. விண்மீன்கள். இவை எப்போது தெரியும் என்பதே ஒரு கேள்வி.

இந்தப் பட்டியலுக்கு வெளியே ஏதேனும் விளக்கு வைக்க விரும்பினால் 'இது எங்கள் கற்பனை' என்று சீட்டு ஒட்ட வேண்டும் என்பதை விதியாக வைத்தோம். கற்பனைக்குத் தடை இல்லை. உண்மை எது, கற்பனை எது என்று பார்வையாளருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவே.

எல்இடியும் அதன் மின்தடையும்

எல்இடி என்பது ஒரு டையோடு. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே கடத்தும். நீளமான கால் நேர்முனை, குட்டையான கால் எதிர்முனை. மாற்றி இணைத்தால் எரியாது. சாதாரண டார்ச் பல்பை எப்படி இணைத்தாலும் எரியும். இரண்டையும் அருகருகே வைத்துச் செய்துகாட்டினால் ஆறாம் வகுப்புக்கே வேறுபாடு புரியும்.

சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டும், வெள்ளை மற்றும் நீல எல்இடிகளுக்கு ஏறத்தாழ 3 வோல்ட்டும் தேவை. அந்த அளவைத் தாண்டி மின்னழுத்தம் சிறிது கூடினாலும் மின்னோட்டம் பல மடங்கு கூடி எல்இடி கருகிவிடும். இதைத் தடுக்கத் தொடரில் ஒரு மின்தடை வேண்டும். அதன் மதிப்பை ஓம் விதியே தருகிறது.

மூன்று பென் டார்ச் செல்களைத் தொடரில் இணைத்தால் 4.5 வோல்ட். வெள்ளை எல்இடி எடுத்துக்கொள்வது 3 வோல்ட். மீதி 1.5 வோல்ட். மாதிரிக்கு 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் போதும். 1.5 ÷ 0.010 = 150 ஓம். சிவப்பு எல்இடிக்கு மீதி 2.5 வோல்ட். 2.5 ÷ 0.010 = 250 ஓம். கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 270 ஓம், அதையே பயன்படுத்தலாம். பல எல்இடிகளைப் பக்க இணைப்பில் வைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனி மின்தடை தர வேண்டும். ஒரே மின்தடையைப் பொதுவாக வைத்தால், சற்றுக் குறைந்த மின்னழுத்தத்தில் எரியத் தொடங்கும் எல்இடி அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். மற்றவை மங்கும்.

எங்கள் பகுதியில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் ஏராளம். எல்இடி பட்டி என்பது மாணவர்களுக்குப் புதிதல்ல. பட்டறையில் கழித்துப்போட்ட 12 வோல்ட் பட்டித் துண்டு ஒன்றை ஒரு மாணவர் கொண்டுவந்து, "இதை ஏன் சார் மூணு லைட்டுக்கு ஒருதரம்தான் வெட்ட முடியுது?" என்று கேட்டார். விடை பட்டியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் மூன்று எல்இடிகளும் ஒரு மின்தடையும் தொடர் இணைப்பில் உள்ளன. 3 × 3 = 9 வோல்ட் எல்இடிகளுக்கு. மீதி 3 வோல்ட் மின்தடைக்கு. இடையில் வெட்டினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். துண்டுகள் தமக்குள் பக்க இணைப்பில் உள்ளன. அதனால் ஒரு துண்டு கெட்டாலும் மற்றவை எரிகின்றன. தொடர் இணைப்பு, பக்க இணைப்பு இரண்டையும் ஒரே பொருளில் காட்ட இதைவிட எளிய துணைக்கருவியை நான் கண்டதில்லை. இதே துண்டை 9 வோல்ட் மின்கலத்தில் இணைத்தால் ஏன் மங்கலாக எரிகிறது என்பதை வீட்டுப்பாடமாகத் தரலாம்.

மின்கலம் எவ்வளவு நேரம் வரும் என்பதையும் கணக்கிடச் சொல்ல வேண்டும். ஆறு எல்இடிகள் ஒவ்வொன்றும் 10 மில்லி ஆம்பியர் எடுத்தால் மொத்தம் 60. செல்லின் கொள்ளளவு 1,000 மில்லி ஆம்பியர் மணி எனக் கொண்டால் சுமார் 16 மணி நேரம். இரண்டு நாள் கண்காட்சிக்குப் போதும்.

ஒளியிழை: ஒரு விளக்கு, பல புள்ளிகள்

சிறிய மாதிரியில் ஒவ்வொரு ஒளிப்புள்ளிக்கும் ஒரு எல்இடி வைக்க இடமும் இருக்காது, மின்கலமும் தாங்காது. உள்ளே ஒரே எல்இடியை வைத்து, அதன் ஒளியை மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் வழியே வேண்டிய இடத்துக்கெல்லாம் கொண்டுசெல்லலாம். திருவிழாக் கடைகளில் விற்கும், நுனிகள் ஒளிரும் பூச்செண்டு விளக்கில் இருப்பவை இத்தகைய இழைகளே. பழுதான ஒரு விளக்கிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட இழைகள் கிடைக்கும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் முழு அக எதிரொளிப்பைப் படித்திருப்பார்கள். இழையின் உட்பகுதி அக்ரிலிக்கால் ஆனது, ஒளிவிலகல் எண் 1.49. அதன் மேலுறையின் ஒளிவிலகல் எண் சுமார் 1.40. மாறுநிலைக் கோணத்தின் சைன் மதிப்பு 1.40 ÷ 1.49 = 0.94. எனவே கோணம் ஏறத்தாழ 70 பாகை. இதைவிட அதிகக் கோணத்தில் சுவரைத் தொடும் ஒளி வெளியேறாமல் மீண்டும் மீண்டும் எதிரொளித்து மறுமுனையை அடைகிறது. இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. இழையின் அச்சிலிருந்து சுமார் 30 பாகைக்குள் நுழையும் ஒளி மட்டுமே பயணத்தை முடிக்கும். ஆகவே எல்இடி இழைமுனைக்கு நேர் எதிரே, ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் பயனில்லை.

இதன் வரலாறும் வகுப்பில் சொல்லத்தக்கது. 1840-களின் தொடக்கத்தில் ஜெனீவாவில் டேனியல் கொலாடன் வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளி சிறைப்படுவதைக் காட்டினார். 1954-இல் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, தம் பேராசிரியர் ஹாப்கின்ஸுடன் இணைந்து, இழைக்கற்றை வழியே உருவத்தையே கடத்திக்காட்டிய ஆய்வை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அந்தத் துறைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரைப் பரப்பியவரும் அவரே. தொலைத்தொடர்புக்கு ஒளியிழையைப் பயன்படுத்த வழிகாட்டிய சார்லஸ் காவ் 2009-இல் நோபல் பரிசு பெற்றார். நீல எல்இடியை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014-இல் பெற்றனர். நீல எல்இடி இல்லாமல் இன்றைய வெள்ளை எல்இடி இல்லை. நம் மாதிரிக்குள் இருக்கும் இரண்டு சிறு பொருள்களும் இரண்டு நோபல் பரிசுகளோடு தொடர்புடையவை.

தொடக்க வகுப்புகளுக்குக் கொலாடனின் சோதனையே போதும். ஒளிபுகும் பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஒரு துளையிட்டு நீர் நிரப்பி, துளைக்கு நேர் எதிரே பின்புறமிருந்து டார்ச் அடித்தால், வளைந்து விழும் நீரோடு ஒளியும் வளைந்து வந்து உள்ளங்கையில் விழும். அறை இருட்டாக இருக்க வேண்டும்.

இழையைப் பொருத்தும் முறை

பின்வரும் வரிசை எங்களுக்கு நன்றாக உதவியது.

1. மாதிரியின் உட்புறத்துக்கு முதலில் கறுப்பு வண்ணம் பூச வேண்டும். இல்லையெனில் அட்டையின் வழியே ஒளி கசிந்து கலம் முழுவதும் கூண்டு விளக்குபோல் ஒளிரும்.

2. தையல் ஊசியால் துளையிட்டு, இழையை உள்ளிருந்து வெளியே செலுத்தி, ஒரு செ.மீ. நீளம் வெளியே விட வேண்டும்.

3. உட்புறத்தில் வெள்ளைப் பசையால் ஒட்ட வேண்டும். உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை இழையை நொறுங்கச் செய்துவிடும். சூட்டுப்பசைத் துப்பாக்கியும் சால்டரிங் கம்பியும் இழையை உருக்கிவிடும்.

4. உள்ளே உள்ள முனைகளைச் சேர்த்து, நூலால் கட்டி, புதிய பிளேடால் ஒரே மட்டமாக வெட்டி, மென்மையான உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். முனை சொரசொரப்பாக இருந்தால் பாதி ஒளி அங்கேயே சிதறிவிடும். வெட்டும் வேலை ஆசிரியருடையது. சிதறும் துண்டுகள் கண்ணில் படாமல் கண்ணாடி அணிய வேண்டும்.

5. ஒரு கறுப்பு உறிஞ்சுகுழல் துண்டின் ஒருபுறம் கற்றையையும் மறுபுறம் எல்இடியையும் செருகி, கறுப்பு ஒட்டுநாடாவால் சுற்ற வேண்டும்.

6. இழையைக் கூர்மையாக மடிக்கக் கூடாது. 1 மி.மீ. இழைக்கு வளைவின் ஆரம் 25 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது. கூர்மையான மடிப்பில் படுகோணம் மாறுநிலைக் கோணத்துக்குக் கீழே போய்விடுகிறது, ஒளி வெளியேறுகிறது. ஓர் இழையை வேண்டுமென்றே மடித்து, மடிப்பு ஒளிர்வதைக் காட்டினால் பாடம் மறக்காது.

7. எல்லாம் எரிவதை உறுதிசெய்த பிறகே வெளியே நீண்டிருக்கும் நுனிகளை வெட்ட வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. விக்ரமின் பொன்னிறப் போர்வைக்காக நாம் ஒட்டும் அலுமினியத் தாள் மின்கடத்தி. காப்பிடப்படாத கம்பி அதைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். எல்லா இணைப்புகளையும் நாடாவால் மூடிய பின்னரே தாளை ஒட்ட வேண்டும்.

எஞ்சின்கள் மெல்ல அணைதல்

சந்திரயான்-3 கலத்தில் நான்கு முதன்மை எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 800 நியூட்டன் உந்துவிசை தருபவை. சந்திரயான்-2 கலத்தில் ஐந்து இருந்தன. நான்கு பேனா மூடிகளே எங்கள் எஞ்சின்கள். ஒரே எல்இடியிலிருந்து நான்கு 1 மி.மீ. இழைகளை எடுத்து ஒவ்வொரு மூடிக்குள்ளும் செலுத்தி, வாயில் பட்டர் தாள் ஒட்டினோம். காற்று இல்லாத இடத்தில் எஞ்சினின் சுடர் ராக்கெட் ஏவுதலில் காண்பதுபோல் பிழம்பாகத் தெரியாது. ஆகவே மங்கலான ஒளியே பொருத்தம்.

தரையிறங்கியதும் இந்த ஒளி மெல்ல அணைய வேண்டும் என்று மாணவர்கள் விரும்பினார்கள். எல்இடி, 470 ஓம் மின்தடை ஆகியவற்றின் தொடருக்குக் குறுக்கே 4,700 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை இணைத்தோம். சாவியைத் திறந்ததும் மின்தேக்கியில் சேர்ந்த மின்னூட்டம் எல்இடி வழியே வெளியேறுகிறது. 470 × 0.0047 = 2.2 நொடி, இதுவே நேர மாறிலி. சில நொடிகளில் ஒளி தேய்ந்து மறைகிறது. மின்தேக்கியின் முனைகளை மாற்றி இணைக்கக் கூடாது. 10 வோல்ட்டுக்குக் குறையாத மதிப்புள்ளதாக வாங்க வேண்டும்.

ஒளிராத விளக்கு

விக்ரமின் மேற்புறத்தில் எட்டு முப்பட்டகங்கள் கொண்ட சிறிய எதிரொளிப்பான் இருக்கிறது. கலம் செயலிழந்த பின்னரும் இது பயன் தருகிறது. 2023 டிசம்பர் 12 அன்று நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து லேசரை அனுப்பி, இதிலிருந்து திரும்பிய ஒளியைப் பெற்றது.

மாதிரியில் இதற்கு மின்கலமே வேண்டாம். உடைந்த சைக்கிள் ரிஃப்ளெக்டரின் சிறு துண்டு போதும். டார்ச்சைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்ப்பவருக்கு அது பளிச்சிடும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. ஏன் என்று மாணவர்கள் வரைந்து விளக்க வேண்டும். லாரிகளின் பின்புற ஸ்டிக்கர் இரவில் ஒளிர்வதும் இதே போன்ற திருப்பி அனுப்பும் பண்பால்தான் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மிக முக்கியமான விளக்கு: சூரியன்

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு விக்ரம் இறங்கியது நிலவின் தெற்கே சுமார் 69 பாகை அட்சரேகையில். அங்கே அப்போது காலைப்பொழுது. அந்த அட்சரேகையில் நண்பகலிலும் சூரியன் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 21 பாகைதான் ஏறும். விக்ரமின் சூரியத் தகடுகள் கூரையில் படுத்திராமல் பக்கவாட்டில் நிற்பதன் பொருத்தம் இப்போது விளங்கும். பக்கவாட்டில் தாழ்வாக வரும் ஒளியை நிமிர்ந்து நிற்கும் தகடே நன்கு பெறும்.

இதை மாதிரியில் காட்ட, பிரகாசமான ஒற்றை எல்இடி டார்ச்சை 3 மீட்டர் தள்ளி வைக்கிறோம். 10 பாகைக்கு எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்? 300 × டேன் 10 = 53 செ.மீ. 21 பாகைக்கு 115 செ.மீ. நிழலின் நீளத்தையும் முன்கூட்டியே கணிக்கலாம். 11.7 செ.மீ. உயரமுள்ள கலத்தின் நிழல் 10 பாகையில் 66 செ.மீ., 21 பாகையில் 30 செ.மீ. பத்தாம் வகுப்பு மாணவர்கள் கணக்கிட்டு மண்ணில் குச்சி நட்டுவைக்க, பிறகு டார்ச்சை ஏற்றினோம். நிழலின் நுனி குச்சிக்கு விரலளவு தள்ளி விழுந்தது. டார்ச் புள்ளி ஒளிமூலம் அல்ல, 3 மீட்டர் என்பது சூரியனின் தொலைவும் அல்ல என்று அந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடியதில் முக்கோணவியல் வகுப்பு உயிர்பெற்றது.

மற்ற விளக்குகளை அணைத்து, மூன்று பக்கமும் கறுப்புத் துணி கட்ட வேண்டும். நிலவில் காற்று இல்லாததால் ஒளியைச் சிதறடித்து நிழலை மென்மையாக்கும் வானம் இல்லை. சித்தம்பூண்டித் தூள் மீது விழும் அந்த ஒற்றை ஒளியில், அட்டைப் பெட்டியாக இருந்த மாதிரி நாம் செய்திகளில் கண்ட படத்தைப் போலவே மாறிவிடுகிறது. எங்கள் மாணவர்கள் கடைசியில் அதிகம் நேசித்த விளக்கு கலத்துக்கு வெளியே இருந்த இதுதான்.

விண்மீன்கள் எப்போது?

கறுப்புத் துணிக்குப் பின்னால் அட்டை வைத்து, 60 இழைகளை நுழைத்து விண்மீன்கள் செய்தோம். அவற்றைப் பகலில் எரியவிடலாமா என்பதில் பெரும் விவாதம் எழுந்தது. நிலவின் வானம் பகலிலும் கறுப்புதான். ஆனால் பளிச்சென்ற தரையைப் படமெடுக்கும் கேமராவின் குறுகிய ஒளிப்பதிவு நேரத்தில் மங்கலான விண்மீன்கள் பதிவாவதில்லை. எனவே பகற்காட்சியில் விண்மீன் இல்லை. நிலவில் பகல் நமக்கு ஏறத்தாழ 14 நாள். 2023 செப்டம்பர் 2 அன்று பிரக்யானும் 4 அன்று விக்ரமும் உறக்கநிலைக்குச் சென்றன. அந்த இரவுக்காட்சியில் விண்மீன்கள் எரியட்டும் என்று முடிவானது.

ஓர் இருவழிச் சாவி இதைச் செய்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் சூரியன், மறுபக்கம் தள்ளினால் விண்மீன்கள். டார்ச்சின் செல்களை அதன் சாவியோடு கம்பியால் இணைத்தாலே போதும். இரவு முடிந்த பின்னும் விக்ரம் விழிக்கவில்லை என்ற செய்தியையும் மாணவர்கள் தங்கள் விளக்கத்தில் மறைக்காமல் சொன்னார்கள். ஒரு பகல் பணிக்காகவே வடிவமைக்கப்பட்ட கலம் தன் வேலையை முடித்துவிட்டது என்பதும் அந்த விளக்கத்தில் சேர்ந்தது.

வகுப்பறை நடைமுறை

ஐந்து குழுக்கள் போதும்: மண், உடல், மின்சுற்று, இழை, சூரியன். வாரம் ஒருமுறை குழுக்கள் தம் வேலையை மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். மின்சுற்று என்றால் மாணவர்கள், அலங்காரம் என்றால் மாணவிகள் என்ற பிரிவினை நாம் கவனிக்காதபோது தானாகவே வந்துவிடுகிறது. குலுக்கல் முறையில் குழு பிரித்தால் இது நேராது. 6 முதல் 8 வகுப்புகளுக்கு வானவில் மன்ற நேரத்தைப் பயன்படுத்தலாம்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. வீட்டு மின்சாரத்தில் எரியும் சீரியல் விளக்குகளை எந்த மாதிரியிலும் சேர்க்க வேண்டாம். பொத்தான் செல்கள் சிறு குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தொடக்கப்பள்ளி மாணவர்கள் வரும் இடத்தில் அவற்றைத் தவிர்த்துப் பென் டார்ச் செல்களையே பயன்படுத்த வேண்டும். பிரகாசமான எல்இடியை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது.

மதிப்பீட்டுக்கு ஒரு வேண்டுகோள். மாதிரியின் மேல்மூடியைத் திறக்கும்படி அமையுங்கள். கண்காட்சியில் நடுவராகச் செல்லும் ஆசிரியர்கள் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, "இப்போது எரியவில்லையே, என்ன செய்வாய்?" என்று கேட்கலாம். கடையில் வாங்கிய மாதிரியோ, பெற்றோர் செய்துகொடுத்த மாதிரியோ அந்த இடத்தில் நின்றுவிடும். தானே செய்த மாணவர் மின்கலத்திலிருந்து தொடங்கி, சாவி, மின்தடை, எல்இடி என்று வரிசையாகத் தேடுவார். அந்தத் தேடலுக்கே மதிப்பெண் தர வேண்டும். எங்கள் பள்ளியில் இப்போது அழகுக்கு 5 மதிப்பெண்ணும், பழுதுகண்டு சரிசெய்வதற்கு 10 மதிப்பெண்ணும் வைத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள். ஜூன் இறுதியில் தொடங்கினால் எட்டு வாரங்கள் கிடைக்கும். முதல் வாரம் மண்ணும் அளவுகளும், அடுத்த இரண்டு வாரம் உடல், அடுத்த மூன்று வாரம் சுற்றும் இழையும், கடைசி இரண்டு வாரம் சூரியனும் ஒத்திகையும் என்று திட்டமிட்டால், அன்று மாலை 6.04 மணிக்கு வகுப்பறைச் சன்னல்களை மூடி, சூரியனை ஏற்றி, எஞ்சின்களை அணைக்கலாம்.